கொத்தமல்லிப் பச்சை டுவிங்கோவா, மறுபடி ஒரு 107-ஆ?

எங்கள் வீடு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில், சேன்-தெனி நகரத்துக்கு மேலே லா மொந்தாஞ் மலைச்சரிவில், எட்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. இந்த மலைச்சாலையில் குடியிருப்பவர்கள் தெருப்பெயர் சொல்வதில்லை. "எட்டாவதில் இருக்கிறோம், பதினைந்தாவதில் இருக்கிறோம்" என்போம், அவ்வளவுதான். கீழே நகரத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நான் தினமும் இந்த வளைவுகளில் இறங்கி, மாலையில் ஏறுகிறேன். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து இரண்டாவது கியரில் ஏற வேண்டும். எதிரே பேருந்து வந்தால் சுவரோரம் ஒட்டி நிற்க வேண்டும். ஊருக்குள் போனதும் ஏதாவது ஒரு சந்தில் இடம் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் சின்ன வண்டிதான் சரி என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தச் சின்ன வண்டி என்பதில்தான் 2019-ல் மூன்று மாதம் பேச்சு ஓடியது.

ஏழு வருஷம் ஓட்டிய பெஜோ 107-ஐ நாத்தனார் மகளுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்தது என்ன? பழையதில் நல்லதாக இன்னொரு 107 பார்க்கலாம். பின்பக்கம் எஞ்சின் வைத்த மூன்றாம் தலைமுறை ரெனோ டுவிங்கோ எடுக்கலாம். அல்லது சேன்த்-மரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விற்க வைத்திருந்த 1994-ம் வருஷத்து முதல் தலைமுறை டுவிங்கோவை எடுக்கலாம். நான் அந்தக் கடைசி வண்டியைத்தான் எடுத்தேன். விலை 900 யூரோ. ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. ஆகவே இதில் என் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டில் இவர் ஓட்டும் பெரிய வண்டி ஒன்று தனியாக இருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரே வண்டிதான் என்றால் கணக்கு மாறும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நீளம், அகலம், பார்க்கிங் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முதல் டுவிங்கோவும் 107-ம் ஏறத்தாழ 3.43 மீட்டர் நீளம்தான். மூன்றாம் டுவிங்கோ 3.59 மீட்டர். எடை, பழைய இரண்டுக்கும் சுமார் 800 கிலோ. பெட்ரோல் விலை இங்கே மாதாமாதம் அரசுப் பிரதிநிதியான ப்ரெஃபே நிர்ணயிப்பது. எந்த பங்க்கில் போட்டாலும் ஒன்றுதான். கம்பெனிக் கணக்கில் 107 நூறு கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் குடிக்கும். எங்கள் மலையில் எனக்கு ஆறு லிட்டர் ஆனது. டுவிங்கோ ஏழு கேட்கிறது. இந்த ஒரு லிட்டருக்காக யாரும் முடிவை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அப்புறம் அழகு. டுவிங்கோவின் முகத்தைப் பார்த்தால் குழந்தைகள் சிரிக்கும். அரைவட்டக் கண்கள் போல இரண்டு விளக்குகள். பானெட்டில் ஒரு பக்கமாக மூன்று காற்றுத் துளைகள். ட்விஸ்ட், ஸ்விங், டாங்கோ என்ற மூன்று நடனங்களைச் சேர்த்துப் பிசைந்த பெயர். 1992 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டி, 1993-ல் விற்பனைக்கு விட்டார்கள். வடிவமைப்புத் தலைவர் பத்ரிக் லெ கெமான். சந்தை ஆய்வில் நிறையப் பேருக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. ஆய்வை நம்பாதீர்கள், உள்ளுணர்வை நம்புங்கள் என்று அவர் ரெனோவின் தலைவர் ரேமோன் லெவியிடம் வாதாடினார். லெவியும் சம்மதித்தார். அப்படிப் பிறந்த வண்டி 24 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆரம்பத்தில் நான்கே நிறங்கள். பவளச் சிவப்பு, ஆழ்நீலம், இந்திய மஞ்சள், கொத்தமல்லிப் பச்சை. கொத்தமல்லி என்று நானாக வைத்த பெயர் இல்லை. ரெனோவே பிரெஞ்சில் அப்படித்தான் பெயர் வைத்திருந்தது. காரைக்காலில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கொத்தமல்லின்னா தழையா, விதையா?" என்று கேட்டார். தழைதான். சந்தையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் கட்டின் நிறம்.

உள்ளே உட்கார்ந்தால் இன்னும் பிடித்துப்போகும். வேகம் காட்டும் எண்கள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்காது. டாஷ்போர்டின் நடுவில் பச்சை ஒளியில் மின்னும். பொத்தான்கள் எல்லாம் புதினாப் பச்சை. அபாய விளக்குக்கான சிவப்புப் பொத்தான் நடுவில் மூக்கு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஹாரன் ஸ்டியரிங்கில் இல்லை, இண்டிகேட்டர் கம்பியின் நுனியில் இருக்கிறது. சேன்-லூயிலிருந்து சிலாவோஸ் போகும் சாலையில் நானூறு வளைவு என்று சொல்வார்கள். ஒற்றை வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதைகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு முறையும் விரலால் அந்த நுனியை அமுக்கிவிட்டுத்தான் நுழைவேன். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க வேண்டியதே இல்லை.

நான் மயங்கியது பின்சீட்டில். முதல் டுவிங்கோவின் பின்சீட்டு தண்டவாளத்தில் 17 செண்டிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். முன்னால் தள்ளினால் டிக்கி 168 லிட்டரிலிருந்து 261 லிட்டராகப் பெருகும். பின்னால் தள்ளினால் உயரமான ஆள் காலை நீட்டி உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் வீட்டில் சாப்பிடுவதில்லை. குடும்பம் குடும்பமாகச் சட்டிபானையோடு கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் அலுமினிய அண்டா பத்துப் பேருக்குச் சோறு வடிப்பது. 107-ன் டிக்கி 139 லிட்டர். அண்டாவைப் பின்சீட்டில் வைத்து, சீட்பெல்ட் போட்டு, பக்கத்தில் ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு வர வேண்டும். எத்தாங்-சாலே போய்ச் சேரும்போது குழம்பு எப்படியும் சீட்டில் கொஞ்சம் சிந்தியிருக்கும். டுவிங்கோவில் சீட்டை ஒரு இழு இழுத்தால் அண்டா டிக்கியில் கச்சிதமாக உட்காருகிறது. மேலே வாழையிலைக் கட்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் தாராளமாகப் பின்னால்.

முன்சீட்டுகளின் தலைதாங்கியைக் கழற்றி, சாய்வைப் படுக்க வைத்தால் பின்சீட்டோடு சேர்ந்து கட்டிலாகிவிடும். ஒரு ஜூலை மாதம் நானும் இவரும் சாயங்காலமே கிளம்பி, லா பெத்தீத் ஃப்ரான்ஸ் வழியாக மைதோ உச்சிக்கு ஏறினோம். அந்தப் பக்கம் ஜெரேனியம் காய்ச்சும் வாசனை சாலை வரை வரும். 2,200 மீட்டர் உயரத்தில் வண்டியிலேயே படுத்தோம். நல்ல குளிர். விடிந்ததும் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தபோது மாஃபாத் பள்ளம் முழுசும் தெரிந்தது. ஒன்பது, பத்து மணி ஆனால் மேகம் மூடிவிடும். கீழிருந்து அவசரமாக ஏறி வந்தவர்கள் இடம் தேடி அலைந்த நேரத்தில் நாங்கள் ஃபிளாஸ்க்கில் இருந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

சரி, 107-க்கு நியாயம் செய்ய வேண்டும். ஏழு வருஷம் உழைத்த வண்டி அது. 2005-ல் செக் நாட்டின் கோலின் ஆலையில் பெஜோ 107, சித்ரோயென் சி1, டொயோட்டா அய்கோ என்று ஒரே வண்டியை மூன்று முகங்களோடு செய்ய ஆரம்பித்தார்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். எஞ்சின் டொயோட்டா குழுமத்துடையது. டைமிங் செயின் கொண்டது, பெல்ட் மாற்றும் கவலை கிடையாது. மூன்று சிலிண்டருக்கே உரிய ஒரு 'குர்குர்' சத்தத்தோடு மலை ஏறுவதில் டுவிங்கோவின் 55 குதிரையை எளிதில் முந்தும். ஐந்து கதவு உள்ளதை வாங்கினால் வயசானவர்களை ஏற்றி இறக்குவது சுலபம். அத்தை இன்றைக்கும் டுவிங்கோவில் பின்னால் ஏற மாட்டார், முன்சீட்டு அவருக்குத்தான். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் 107-ல் உண்டு. என் டுவிங்கோவில் இரண்டும் இல்லை. ஆனால் பெயரும் முகமும்தான் பிரெஞ்சு. உள்ளே தொட்டுப் பார்த்து ரசிக்கும்படி எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குள் போனதில்லை.

மூன்றாம் டுவிங்கோவை சேன்-பியரில் என் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் இரண்டு வாரம் ஓட்டினேன். அதற்கு மேல் அனுபவம் இல்லை. எஞ்சின் டிக்கிக்கு அடியில் இருக்கிறது, பின்சக்கரம் இழுக்கிறது. முன்னால் எஞ்சின் இல்லாததால் சக்கரங்கள் நன்றாகத் திரும்பும். 8.6 மீட்டர் வட்டத்தில் வண்டி திரும்பிவிடுகிறது. அண்ணி வீட்டுச் சந்தில், மற்ற வண்டிகள் இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில், இது ஒரே வீச்சில் திரும்பியது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் ஆயில் பார்க்க டிக்கியிலிருக்கும் சாமானையெல்லாம் இறக்கி, விரிப்பைத் தூக்கி, மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். கடையில் மீன் வாங்கி டிக்கியில் வைத்தால் வீடு வருவதற்குள் சூடு தெரியும். அண்ணி மீனை எப்போதும் முன்னால் காலடியில்தான் வைக்கிறார்.

என் மகன் பதினான்கு வயசானதும் சித்ரோயென் ஆமி கேட்டான். 2020-ல் வந்த மின்சாரப் பெட்டி அது. 2.41 மீட்டர் நீளம், இரண்டு பேர், அதிகபட்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். பிரான்சின் சட்டப்படி பதினான்கு வயசிலிருந்து, அதற்கான சிறு உரிமத்தோடு ஓட்டலாம். இரண்டு பக்கக் கதவும் ஒரே அச்சில் செய்தவை, அதனால் ஒரு கதவு முன்னோக்கியும் இன்னொன்று பின்னோக்கியும் திறக்கும். பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு சார்ஜில் சுமார் 75 கிலோமீட்டர் என்பது சமதரைக் கணக்கு. எங்கள் ஏற்றத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தமரென் விரைவுச்சாலையில் ஏறவே அனுமதி கிடையாது. நகரத்துக்குள்ளேயே வசிக்கும் குடும்பத்துக்கு நல்ல வண்டி. எட்டாவது கிலோமீட்டருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இனி எனக்கு முடிவைத் தீர்த்துவைத்த விஷயம். பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்பது.

பாரிஸ் இங்கிருந்து 9,000 கிலோமீட்டருக்கு மேல். கடையில் இருப்பில் இல்லாத எந்தப் பாகமும் கப்பலில் லெ போர் துறைமுகத்துக்கு வந்து, 'ஒக்த்ருவா தெ மேர்' என்ற இறக்குமதி வரி கட்டி, அப்புறம்தான் கைக்கு வரும். விமானத்தில் வரவழைத்தால் பாகத்தின் விலைக்குச் சமமாகக் கூலி ஆகிவிடும். 2018 ஏப்ரலில் ஃபக்கீர் புயல் அடித்தபோது ஒரு கிளை முறிந்து எங்கள் 107-ன் பின்கதவில் விழுந்தது. 107-ன் பின்கதவு முழுக்க ஒரே கண்ணாடி. தீவில் எங்கும் இருப்பில் இல்லை. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் விற்கும் உடைப்புக்கடைகளில் கிடந்த 107-களிலோ யாரோ முன்பே கண்ணாடியைக் கழற்றிப் போயிருந்தார்கள். ஐந்து வாரம் பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டி ஓட்டினேன். மழை பெய்த இரவுகளில் இவர் எழுந்து போய் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். இதில் வண்டியின் குற்றமோ கடைக்காரர் குற்றமோ ஒன்றும் இல்லை. தீவு வாழ்க்கை அப்படி.

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வடக்கில் நேராகக் கரையேறியது. இந்தத் தடவை மாங்கிளை. டுவிங்கோவின் இடப்பக்க விளக்கும் கண்ணாடியும் போயின. சாலை திறந்து நான்கு நாளில் இரண்டும் வந்துவிட்டன. இரண்டுக்கும் சேர்த்து 40 யூரோ. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை தெரியும், அதன் சின்னத் தம்பி போல இங்கே 'காஸ்' என்ற உடைப்புக்கடைகள் இருக்கின்றன. முதல் டுவிங்கோ இந்தத் தீவில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ஓடிய வண்டி. ஆகவே எந்தக் காஸுக்குப் போனாலும் புல்லுக்கு நடுவில் ஒன்றாவது நிற்கும். அந்த வருஷங்களில் பம்பரும் பக்கக் கண்ணாடியின் மூடியும் பெயிண்ட் அடிக்காத சாம்பல் பிளாஸ்டிக். நிறம் பொருந்துமா என்று பார்க்கவே வேண்டாம், கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

எஞ்சினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1996 வரை வந்த டுவிங்கோக்களில் 1239 சிசி எஞ்சின் இருக்கும். நார்மண்டியில் கிளெயோன் ஆலையில் வார்ப்பிரும்பில் செய்தது, அதனால் 'கிளெயோன்-ஃபோந்த்' என்பார்கள். அதன் மூலவடிவம் 1962-ல் வந்தது. ரெனோ 8, பிற்கால 4எல், ரெனோ 5, எக்ஸ்பிரஸ் வேன் என்று ஒரு பெரிய குடும்பமே அந்த எஞ்சினில் ஓடியது. இதிலும் டைமிங் செயின்தான். என் மெக்கானிக் பத்தாவது கிலோமீட்டரில் வீட்டுக்குப் பின்னால் லிச்சி மரத்தடியில் வேலை செய்பவர். அறுபதைத் தாண்டிய மலபார் மனிதர். இங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் சொல்வது. தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தவற மாட்டார். பதினாறு வயசில் அவர் தொழில் கற்றது 4எல்-இல். என் டுவிங்கோவின் பானெட்டை முதல் தடவை திறந்தபோது குனிந்து பார்க்கக்கூட இல்லை. கையை மட்டும் உள்ளே விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருக்க வேண்டிய இடத்தில் தொட்டுப் பார்த்து, "இங்கே மட்டும் மாற்றியிருக்கிறார்கள்" என்று கிரெயோலில் சொன்னார். அத்தனை வருஷப் பழக்கமும் அந்த விரல்களில் இருந்தது.

ஒரு தடவை சேன்-லெவில் கிளட்ச் கேபிள் அறுந்தது. வயசான கேபிள். தெருவோரம் நின்றவர்களில் ஒருவர் தன் தம்பியைக் கூப்பிட்டார். அவர் வீட்டு முற்றத்தில் கிடந்த செத்த டுவிங்கோவிலிருந்து கேபிளைக் கழற்றி வந்து, ஒன்றரை மணி நேரத்தில் மாட்டிக்கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த சமூசாப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறு வருஷத்துக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ரேடியேட்டர், இரண்டு தடவை பிரேக், சைலன்சர், நாலு டயர், கிளட்ச், அடித்தகட்டில் ஒரு வெல்டிங், எல்லாம் சேர்ந்து 2,300 யூரோவுக்குள். நகராமல் நின்ற நாட்கள் மொத்தம் பன்னிரண்டு. 107 ஏழு வருஷத்தில் செலவு வைத்தது இதைவிடக் குறைவு. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கண்ணாடிக்கே முப்பத்தைந்து நாள்.

எல்லாப் பாகமும் இப்படிக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நடுவிலிருக்கும் அந்த டிஜிட்டல் திரை ஒரு நாள் இருண்டுவிட்டது. காஸிலிருந்து வாங்கியதும் இருட்டுத்தான். வயசானால் உள்ளே சால்டரிங் விரிசல் விடும் இனம் அது. பழைய டிவி ரிப்பேர் செய்யும் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து, விரிசல் விட்ட ஒவ்வொரு புள்ளியையும் மறுபடி சால்டரிங் செய்துகொடுத்தார். இரண்டு வாரம் வேகம் தெரியாமல், முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே ஓட்டினேன். 13 அங்குல டயரும் வருஷத்துக்கு வருஷம் அரிதாகிறது. கடைக்காரர் சொல்லும்போதே இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 1996-க்குப் பிந்தைய டுவிங்கோ வாங்குகிறவர்கள், அதில் இருப்பது 1149 சிசி பெல்ட் எஞ்சின் என்பதை மனதில் வைத்து, பெல்ட் எப்போது மாற்றியது என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுவிற்பனையில் 107-தான் சுலபம். விளம்பரம் போட்டால் வாரக் கடைசிக்குள் ஆள் வந்துவிடும். என் வண்டிக்கு அப்படி இல்லை. ஆனால் 2024-ல் அதற்கு முப்பது வயசு ஆனதும் பிரான்சின் பழம்வண்டிக் கூட்டமைப்பிடம் சான்று வாங்கி, சேகரிப்பு வண்டி என்ற பதிவுக்கு மாற்றினேன். சாதாரண வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொழில்நுட்பச் சோதனை, இதற்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு இரண்டு பேர் வீடு தேடி வந்து விலை கேட்டார்கள். இருவரும் சொன்னது நான் வாங்கிய விலையைவிட அதிகம்.

வீட்டில் ஒரே வண்டிதான், அதிலேயே கைக்குழந்தையோடு தினமும் தமரென் சாலையில் 110-ல் போக வேண்டும் என்றால், ஏர்பேக் இல்லாத முப்பது வருஷ வண்டியை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. 107 எடுங்கள், அல்லது அதன் அண்ணன் தம்பி சி1, அய்கோவில் நல்ல நிலையில் கிடைப்பதை எடுங்கள். மலைச்சந்துதான் பிரச்சினை என்றால் மூன்றாம் டுவிங்கோ. 2025 நவம்பரில் ரெனோ காட்டிய புது மின்சார டுவிங்கோ முதல் வண்டியின் முகத்தையும் நகரும் பின்சீட்டையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, விலையும் 20,000 யூரோவுக்குள் என்கிறார்கள். நான் இன்னும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வீட்டில் இரண்டாவது வண்டி, தினமும் இருபது கிலோமீட்டர், பக்கத்தில் ஒரு லிச்சி மரத்தடி மெக்கானிக் என்றால் மட்டும் பழைய டுவிங்கோவைத் தேடுங்கள். தேடும்போது கடற்கரையோரம் நின்ற வண்டியை விட்டுவிட்டு, மேட்டுப்பக்கம் நின்றதைப் பாருங்கள். உப்புக்காற்று அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும்.

என் வண்டியில் ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கினால், வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரூபாய் அளவுக்குத் துரு புதிதாகத் தெரிகிறது. மழைக்காலம் முடிந்ததும் கொண்டு வா என்று பத்தாவது கிலோமீட்டர்க்காரர் சொல்லியிருக்கிறார். மே மாதம் முதல் சனிக்கிழமைக்கு நாள் குறித்து வைத்திருக்கிறேன்.